பச்சை லேபிள், பன்னிரண்டு பாட்டில்

எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. பொடி எழுத்தை இன்னும் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவேன். அதனால் நீங்கள் எழுதி முடித்ததும் என்னிடம் கொடுங்கள், ஒருமுறை பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுகிறேன். சந்தேகமாகப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் வருத்தமில்லை, நானும் அப்படிப் பார்க்கிற ஆள்தான்.

பூச்சிமருந்தைப் பாட்டிலில் அடைத்து அனுப்பும் கம்பெனியில் லேபிள் பிரிவு என் பொறுப்பு. மருந்தின் பெயர், வீரியம், தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், உடம்பில் பட்டால் என்ன செய்வது, டாக்டருக்கு ஒரு வரி, அவசரத்துக்கு ஒரு போன் நம்பர், இத்தனையும் உள்ளங்கை அகலத் தாளில் அடங்க வேண்டும். மூலையில் சாய்சதுரமாக ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம். பச்சை என்றால் லேசானது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நிறம்தான் எழுத்து. கையுறை போடுவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

என் தங்கை கணவரை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். மூட்டை தூக்கத்தான் சேர்த்தேன். ஏழே வருஷத்தில் தரம் பார்க்கிற ஆளாகிவிட்டார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். 'அளவுகோல் மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர் வைத்தேன், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்போதே எனக்கு உறுத்தியது. கேலியை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறவன் மனதில் வேறு ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

போன வருஷம் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டார். எச்சரிக்கை வரியின் எழுத்து உயரம் விதிப்படி இல்லையாம்.

"மச்சான், அரை மில்லி குறையுது. தப்பா எடுத்துக்காதீங்க."

நாலாயிரம் லேபிளைக் கிழித்துப் போட்டார்கள். பாட்டில் கழுவுகிற பெண்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவமானமாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், அவர் செத்தால் தேவலை என்று அன்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். மேனேஜரும் அவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் பேச்சு நின்றுவிடும். என் மேஜைப் பக்கம் காரணமில்லாமல் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே, "அண்ணா, உனக்கு ரிட்டையர்மென்ட் எப்ப?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாளாம். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான் இது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என் நாற்காலி அவருக்கு வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். மெஷினில் கோணலாக ஒட்டிய பாட்டில்களைத் தனியாக எடுத்து, லேபிளை உரித்து, நான் கையால் வேறு ஒட்டுவேன். பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரு பெட்டி. அதை அவர் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அரை மில்லி விவகாரத்துக்குப் பிறகு என் பெட்டிகளை மட்டும் அவர் திறப்பதே இல்லை.

"மச்சான் கையால ஒட்டினதை நான் என்னத்தைப் பாக்குறது?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு முறை சோதித்தேன். ஒருமுறை ஒரு லேபிளைத் தலைகீழாக ஒட்டி வைத்தேன். திறக்கவில்லை.

ஒரு மருந்து முடிந்து அடுத்தது தொடங்கும்போது, மிஞ்சிய லேபிளை எண்ணிக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. பச்சை லேபிளில் பன்னிரண்டை மட்டும் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டேன். சிவப்பு மருந்து ஓடிய நாளில், அதே பழுப்புப் பாட்டில், அதே மூடி, பன்னிரண்டிலும் பச்சையை ஒட்டினேன். சுருக்கமில்லாமல், குமிழி இல்லாமல் நன்றாகவே ஒட்டினேன். அவர் வழக்கம்போல் திறக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கடைக்காரர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார், மாப்பிள்ளைக்கு வேலை போகும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொல்லலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூடி போட்ட பாட்டிலைக் கடைக்காரர் எதற்குத் திறக்கப்போகிறார்?

பதினெட்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு அவசர போன் அடித்தது. அது என் மேஜையில்தான் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை அடித்தால் அதிகம். ஏதோ சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர். குரலைக் கேட்டால் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது.

"சார், காய்கறித் தோட்டத்துல மருந்து அடிச்ச அம்மா ஒருத்தங்க. வெறுங்கையால கலக்கியிருக்காங்க. வாயில நுரை தள்ளுது, கண்மணி ஊசிமுனையா சுருங்கியிருக்கு. வீட்டுக்காரர் பாட்டிலைக் கொண்டு வந்திருக்கார், பச்சைன்னு போட்டிருக்கு. பச்சைக்கு இப்படி ஆகாதே? உள்ள வேற ஏதாவது இருக்குமா?"

மூடியில் அடித்திருக்கும் பேட்ச் நம்பரைக் கேட்டேன். படித்தார். சிவப்பு ஓடிய நாளின் நம்பர், என் பெட்டிதான்.

"லேபிள்ல என்ன இருக்கோ அதுதான் சார் உள்ள இருக்கு."

"நிச்சயமாவா?"

"நானே கையால ஒட்டினது சார்."

 டாக்டருக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், 'அவளுக்கு மூச்சு வாங்குது, பாருங்கய்யா' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"விஷமுறிவு ஊசியை எடுத்து வச்சிருக்கேன். போட்டுப் பார்க்கட்டுமா?"

சிவப்பு லேபிள் என் எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. டாக்டருக்கான வரியில் அந்த ஊசியின் பெயர்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

"பச்சைக்கு அந்த ஊசியே கிடையாது சார். லேபிள்படி பாருங்க" என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் சாப்பிடப் போனேன். சாயங்காலம் அந்த அம்மா இறந்துபோனதாகச் செய்தி வந்தது. பாட்டிலில் இருந்தது சிவப்பு மருந்து என்று தெரிந்ததும், அந்தப் பெட்டியின் மற்ற பதினோரு பாட்டிலையும் அன்றே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதில் எனக்கு நிம்மதிதான்.

பெட்டியில் கையெழுத்து மாப்பிள்ளையுடையது என்பதால் அவரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அதுவரை எல்லாம் சரியாகவே போனது. நேற்று தங்கை வந்தாள். அழவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, அவர் உங்களிடம் சொன்னதைச் சொன்னாள்.

"மச்சான் கைவேலையில தப்பு வராது, மெஷின்ல ஏதோ கலந்திருக்கும், பார்க்காம விட்டது என் குத்தம்னு எழுதிக் கொடுத்துட்டாராம்ண்ணா. உன் பேரே வரக்கூடாதுங்கறார்."

அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். நான் செய்ததை நான் சொல்லிவிட்டேன். லேபிளை மாற்றினேன், டாக்டர் கேட்டபோது மறைத்தேன், அந்த அம்மாவைக் கொன்றது நான்தான். இதில் எதையும் குறைத்து எழுத வேண்டாம்.

ஆனால் அந்த ஆளை உடனே விட்டுவிடாதீர்கள். மூட்டை தூக்கச் சேர்த்துவிட்டதைத் தவிர நான் அவருக்கு எந்த நல்லதும் செய்ததில்லை, அப்படியிருக்க என் பெயரை ஏன் காப்பாற்றினார்? நன்றாக விசாரியுங்கள். அவர் மனதில் ஏதோ இருக்கிறது.