அய்யனார் சத்தியமா ஆள் வைக்கல

தனுஷ்: நல்லாக் கேட்டுக்கோ உப்பிலி. உலகத்துல ஏலம்னு ஒண்ணு ஆரம்பிச்ச நாள்லேருந்து, யோக்கியமா நடக்குற மொத ஏலம் இன்னைக்கு ராஜபாளையத்துல எங்க வீட்டுலதாம்லே நடக்கு.

உப்பிலி: போனை எடுத்ததுமே ஆரம்பிச்சுட்டியா? போன் இல்லாமலே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கேக்கும். மெதுவாப் பேசு.

தனுஷ்: ஏல ஆப்புல எழுதிப் போட்டுருக்கேனே, வாசிச்சியா? "ராஜபாளையம் நாய்க்குட்டி. பெயர் பஞ்சு. வயது மூன்று மாதம். விலையை ஏற்றிவிட ஆள் வைக்கவில்லை. இது அய்யனார் மேல் சத்தியம்."

உப்பிலி: வாசிச்சேன். அதுக்குக் கீழ உன் நேர்மையைப் பத்திப் பன்னெண்டு வரி. விக்கிறது நாயையா, உன்னையா?

தனுஷ்: அய்யனார் கோவிலுக்குப் போயி, அருவியில குளிச்சு, சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டு வந்தேம்லே. உன்னை மாதிரியா? பழைய ஸ்கூட்டரை ஏலத்துல போட்டுட்டு, மாமாவை விட்டு விலையை ஏத்தி...

உப்பிலி: அது... மாமா ஏதோ ஒரு ஆர்வத்துல கேட்டுட்டார்.

தனுஷ்: ஆர்வம்! அதுக்கு மேல ஒருத்தனும் கேக்காம, வண்டி உங்க அனந்தபத்மநாபன் மாமா தலையிலேயே விழுந்துச்சா இல்லையா? இப்ப எங்க நிக்கி?

உப்பிலி: ...மாமா வீட்டுக் கொல்லையில.

தனுஷ்: சொந்தப் பொருளைச் சொந்தக் காசுல வாங்குன ஒரே குடும்பம்லே உங்க குடும்பம்!

உப்பிலி: சரி, விடுடா. பஞ்சுவ எதுக்கு விக்கிறே? அது உன் கட்டில்லதானே தூங்கும்?

தனுஷ்: அப்பாவோட போலீஸ் தொப்பியத் தின்னுருச்சு.

உப்பிலி: ஒரு தொப்பிக்கா?

தனுஷ்: ரெண்டாவது தொப்பி. அஞ்சு மணிக்குள்ள ஏலம் போகலேன்னா சோழபுரம் தோட்டத்துல கொண்டுபோயி பம்புசெட்டுப் பக்கத்துல கட்டிருவேன்னுட்டாரு. அது தனியா படுக்காதுலே... ஏலம் போச்சுன்னா, வந்த ரூபாய் அம்புட்டையும் அப்பா கையில குடுத்துரணும்.

உப்பிலி: இப்பவே மணி நாலு அம்பது. எம்புட்டுல நிக்குது?

தனுஷ்: ஆறாயிரம். மதுரைக்காரர் ஒருத்தர் ஐயாயிரத்தோட ஒதுங்கிட்டாரு. இப்ப மலையாண்டின்னு ஒரு ஆளு கேட்டுருக்காரு. தங்கமான மனுசன்.

உப்பிலி: மூஞ்சியே பாக்காம எப்படிடா தங்கம்னு சொல்றே?

தனுஷ்: பேரைக் கேட்டாலே தெரியலையா... ஏய், எவன்லே இது? ஏழாயிரம்! பேரு ரோஸ்மில்க்காம்!

உப்பிலி: நல்லதுதானே? விலை ஏறுதே.

தனுஷ்: நல்லதுதான், நல்லதுதான்... செத்த இரு.

உப்பிலி: ஹலோ? ...ஹலோ?

தனுஷ்: ம், வந்துட்டேன். பஞ்சு செருப்பைத் தூக்கிட்டு ஓடிருச்சு. பாத்தியா, மலையாண்டி ஏழாயிரத்து ஐநூறு!

உப்பிலி: ஓ... இருடா, அம்மா கூப்பிடுறா.

தனுஷ்: போயிட்டு வா. ...ஏலே! ஒம்பதாயிரம்லே! ரோஸ்மில்க் குடிக்கிற பயலுக்கு வேட்டை நாய் எதுக்குலே?

உப்பிலி: வந்துட்டேன், வந்துட்டேன். ஏண்டா, விலை ஏறினா விக்கிறவன் அழுவானா?

தனுஷ்: ஆனந்தக் கண்ணீர்லே... செத்த இரு.

உப்பிலி: மலையாண்டி பத்தாயிரம். ஆமா, நீ 'செத்த இரு'ங்கிறப்ப எல்லாம் அந்த ஆளு...

தனுஷ்: இங்க நெட்டு விட்டு விட்டு வருது. உங்க அம்மா கூப்பிடலையா?

உப்பிலி: இதோ, கூப்பிட்டுட்டா.

தனுஷ்: பதிமூணாயிரம்! இவன் வீட்டுல கேக்க ஆளே கிடையாதா? செத்த இரு... செத்த இரு...

உப்பிலி: மணி அஞ்சுடா! முடிஞ்சது! மலையாண்டி, பதிமூணாயிரத்து ஐநூறு. எனக்கு ஒரு கிலோ பால்கோவா வந்தாகணும்.

தனுஷ்: உனக்கு எதுக்கு?

உப்பிலி: ரோஸ்மில்க் நான்தாண்டா! பஞ்சு வெறும் ஆறாயிரத்துக்குப் போனா உனக்கு அசிங்கமில்லையா? நீ சத்தியம் பண்ணிட்டு கையைக் கட்டி உக்காந்திருக்கே. அதான், கேக்காமலே ஏத்திவிட்டேன்.

தனுஷ்: நீயாலே அது?

உப்பிலி: ஆமாடா. சந்தோஷம்தானே?

தனுஷ்: பாவி... எங்கிட்ட ஏழாயிரந்தாம்லே இருக்கு.

உப்பிலி: உங்கிட்ட எதுக்கு இருக்கணும்? காசு குடுக்கப் போறது மலையாண்... டேய். டேய்! அப்ப அய்யனார் சத்தியம்?

தனுஷ்: ஆள் வைக்கமாட்டேன்னுதாம்லே சத்தியம். ஆளா வச்சேன்? பஞ்சுவ விட மனசில்லாம நானேதானே கேட்டேன்... சரி, அதை விடு. உங்க மாமா வீட்டுக் கொல்லையில, அந்த ஸ்கூட்டர் பக்கத்துல... ஒரு குட்டி படுக்க எடம் இருக்குமா?