மூன்றாவது வயல்

எனக்கு டீயில் சர்க்கரை கம்மியாக இருக்க வேண்டும். நீங்கள் வாங்கிவந்ததில் ஜாஸ்தி. ஆனாலும் குடிக்கிறேன், விசாரணைக்கு வந்த பேராசிரியர் டீ வாங்கித் தருவது தினமுமா நடக்கிறது?

என் பெயர் தீனதயாளன். கள்ளக்குறிச்சியில் இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். காய், கீரையை உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டிய சாற்றைச் சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இயந்திரத்துக்குக் கொடுப்போம். அதிலுள்ள ஃபிளவனாய்டு என்கிற சத்துகளை அது ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரையில் மேடு மேடாக வரையும். மேடு பெரிதானால் சத்து அதிகம். அந்தக் குப்பியை நாங்கள் இங்கிலீஷில் ‘வயல்’ என்போம். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று வயல். மூன்றும் ஒத்துப்போனால்தான் அளவு செல்லும். ஒன்று மிஞ்சினாலும் மறுபடி முதலிலிருந்து.

இசைவாணி ஆராய்ச்சிக்கு வந்து ஆறு வருடம். கல்வராயன் மலையில் விளையும் முருங்கைக் கீரையில் குவெர்செட்டின் என்கிற ஃபிளவனாய்டு எவ்வளவு, கீழே கச்சிராயபாளையத்துக் கீரையில் எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. அவள் அம்மா சாலம்மாள் அதே ஊரில் கரும்பு வெட்டப் போகிறவர். ஒருநாள் மகளைப் பார்க்க வந்தவர், நாங்கள் வயல், வயல் என்று பேசுவதைக் கேட்டுவிட்டு, “இத்தினி வருசம் படிச்சிட்டு நீயும் வயல்லதான் வேல செஞ்சிக்கினு கீறியா?” என்றார். அன்று மூவரும் சிரித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது. மகள் பட்டம் வாங்கிக் கல்லூரி வேலைக்குப் போனால் அந்த அம்மா அரிவாளைக் கீழே வைக்கலாம். அதைத்தான் இருவரும் நம்பியிருந்தார்கள்.

அவள் வருவதற்கு முன் இந்த அறையில் இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான். அவள் வேலை செய்துகொண்டே பாடுவாள். என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கருவாட்டுத் துண்டைத் திருடிவிட்டு, பூனை வந்து போனது என்பாள். அவளுக்கு முன்னே படித்தவர்களெல்லாம் மூன்றே வருடத்தில் முடித்து, ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் ஒருவர்கூட என் போனை எடுத்ததில்லை. ஏறும்வரைதான் ஏணி. அதில் எனக்கு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வருடம் ஒருநாள், அடுத்த மாதம் எல்லாம் முடிந்துவிடும் என்று சந்தோஷமாகச் சொன்னாள். மறுநாள் நான் வீட்டிலிருந்து வெங்காயத் தோல் கொண்டுவந்து மெத்தனாலில் ஊறப்போட்டேன். வெங்காயத் தோலில் குவெர்செட்டின் கொட்டிக் கிடக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். மூன்றாவது வயலில் ஒரு சொட்டு விட்டேன். முதல் இரண்டில் நான் கை வைத்ததே இல்லை. எதிலும் ஓர் அளவு வேண்டும் என்று நினைப்பவன் நான்.

மேடு எகிறியது. இன்னொரு மாதம் இருந்தாள். பிறகு இன்னொரு மாதம். உதவித்தொகை நின்றது. உளுந்தூர்பேட்டையில் அவளுக்காகக் காத்திருந்த வேலை வேறொருவருக்குப் போனது. தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று, தேய்த்துத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். விரலெல்லாம் வெடித்துவிட்டது. களிம்பு வாங்கிவந்து தடவிவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

கடைசி நாளன்று அந்தக் கையை என்னிடம் நீட்டிக் காட்டினாள். பாடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

“என் கைதான் ராசி இல்லண்ணா. அம்மா சொன்ன வயலுக்கே போறேன்.”

இப்போது அம்மாவோடு கரும்பு வெட்டுகிறாள்.

அவள் விட்டுப்போன பொடியை நீங்கள் வேறு ஊர் ஆய்வகத்தில் சோதித்தீர்கள். மூன்றும் ஒத்துப்போனது என்று கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் கை சுத்தம் என்று எனக்கு எப்போதுமே தெரியும். ஆமாம், மூன்று வருடமும் கெடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே எடுத்த அளவெல்லாம் இனிச் செல்லாது என்றீர்களே, அப்படியானால் அவள் திரும்பி வந்து முதலிலிருந்துதானே தொடங்க வேண்டும்? குறைந்தது மூன்று வருடமாவது ஆகும். வரச் சொல்லுங்கள். மூன்று வயலையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.