தோன் எவரிஸ்தோவுக்கும் கலாந்திரியாவின் இடது முன்னங்காலுக்கும்

லா ரெசாகா பண்ணையின் லாயத் தலைவரே! லாடத்தின் ஓசையிலேயே நொண்டலைக் கண்டறியும் நுண்செவியரே! புல் தின்று பூரித்து, மயிர் மண்டி, மந்தமாகி வந்து நிற்கும் போலோக் குதிரையைப் பொறுமையாலேயே புடம்போட்டுப் புதிதாக்கித் தரும் பெருந்தகையே! பேசாத பிராணியிடம் ஓயாமல் பேசியும், பேசுகிற எங்களிடம் பேசாமலுமே நாற்பத்தோரு பருவங்களை ஓட்டிவிட்ட தோன் எவரிஸ்தோ கொரொசிதோ அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடலில் துக்கம் தொனிக்கக் கூடாது, நல்ல வார்த்தை நாலு இருந்தால் போதும் என்று சொல்லித்தான் பண்ணை அலுவலகத்தில் இந்தத் தாளைக் கொடுத்தார்கள். நல்ல வார்த்தை எங்களிடம் நாலல்ல, நாற்பது இருக்கிறது. எழுத எழுதக் கைதான் கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மாட்டோம். தொடக்கத்தையாவது முறைப்படி செய்துவிடுகிறோம்.

பருவம் முடிந்ததிலிருந்து லாடமுமின்றி வேலையுமின்றி மேய்ந்த குதிரைகள், நம் பக்கத்தில் குளிர் கொட்டும் ஜூலை முதல் வாரத்தில் லாயத்துக்குத் திரும்பும்போது, மாமியார் வீட்டில் ஒரு மாதம் விருந்துண்ட மாப்பிள்ளையைப் போல வயிறு தள்ளி வரும். தாங்கள் பிடரி மயிரைச் சிரைப்பீர்கள், பல்லைப் பார்ப்பீர்கள், லாடம் அடிக்கும்போது பக்கத்திலேயே நிற்பீர்கள். பிறகு மூன்று வாரம் நடை. வெறும் நடை. உறைபனி வெளுத்த காலையில் ஒன்றின் மேலேறி மூன்றைக் கையில் பிடித்து, வேலியோரமாக ஊர்ந்து போகும் தங்களைப் பார்த்து, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் "என்ன தோன் எவரிஸ்தோ, சவ ஊர்வலமா?" என்று கேலி செய்ததும் உண்டு. தாங்கள் திரும்பியும் பார்த்ததில்லை. நடைக்குப் பின் மெதுவோட்டம், அதற்குப் பின்னரே பாய்ச்சல், எல்லாம் முடிந்த பிறகே மட்டையும் பந்தும்.

தாங்கள் வருடத்துக்கு ஒரு முறை வாய் திறந்து சொல்லும் வாசகம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். "மூச்சு ஆறு வாரத்துல வந்துடும். கால் நரம்பு பத்து வாரம் கேக்கும். மூச்சப் பாத்து ஏமாறாதீங்கப்பா."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இந்த நாற்பத்தோரு பருவத்தில், முதல் ஆட்டத்துக்கு முன்னால் கால் போன குதிரை ஒன்றுகூடத் தங்கள் கையில் இல்லை என்பது சுவாரெஸ் வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. மற்றப் பண்ணைகளில் சாராயம் உள்ளே போனால் தத்தம் முதலாளிகளைத் திட்டுவார்கள், ஆனால் தங்கள் பேரைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றுவார்கள்.

தாங்கள் எதற்கும் ஆசைப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை, ஒன்றைத் தவிர. நம் பண்ணையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓய்வு பெறும் லாயக்காரர், டிசம்பரில் தம் கடைசிப் பருவத்தின் இறுதி ஆட்டம் முடிந்ததும், தாம் பழக்கிய குதிரையின் மேலேறி மைதானத்தை ஒரு சுற்று வருவார். ஆடினவர்கள் இறங்கி நிற்பார்கள், சீமான்களும் எழுந்து நிற்பார்கள். அந்தச் சுற்றைத் தங்கள் செல்லப் பெண்குதிரை கலாந்திரியாவின் மேல் வர வேண்டும் என்று தாங்கள் நினைத்திருந்தீர்கள். எங்களிடம் சொல்லவில்லை. கலாந்திரியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தியான நெலிதாவின் காதில் விழுந்தது.

இதுவரை முறைப்படி எழுதினோம். இனி வருவது எங்களுக்குத் தெரிந்த மொழியில்.

இந்த வருடம் கலாந்திரியாவுக்குக் குளம்பில் சீழ் கட்டியதால், மற்றக் குதிரைகள் வந்து நான்கு வாரம் கழித்தே அவள் லாயத்துக்கு வந்தாள். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மற்றவை பத்து வாரம் முடித்திருந்தன. அவளுக்கு ஆறுதான். அப்போது ஓய்வூதியக் காகிதங்களுக்காக நீங்கள் நான்கு நாள் பஹியா பிளாங்கா நகருக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்து ஏறும்போது ஒன்றைத்தான் சொன்னீர்கள். "கலாந்திரியாவ மட்டும் தனியா நடத்துங்க. ஓட்டத்துல சேக்காதீங்க."

லாயத்து வேலையாட்கள் நாங்கள் மூன்று பேரும் முதல் இரண்டு நாள் தனியாகத்தான் நடத்தினோம். மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. ஆள் குறைவு, வேலை மலைபோல் கிடந்தது. தெல்மோ சொன்னான்: "ஒருத்திக்காகத் தனியா ஒரு மணி நேரமா? இதுங்களோட சேத்துப் பிடிச்சா வேலை முடிஞ்சுது."

ஹசிந்தோ அவள் விலாவைத் தடவிப் பார்த்தான். "அட, பாரேன். வயிறே இல்ல இவளுக்கு. நேத்து அவ்வளவு நடந்தும் மூச்சு வாங்கல. இவ எப்பவோ தயாராயிட்டா."

நெலிதா, அதாவது இப்போது இதை வாசிக்கிற நான், அதற்கு மேல் ஒரு படி போனேன். "தோன் வந்து பாத்தா அசந்துடுவாரு. முதல் ஆட்டத்துக்கே இவ இறங்கினா அவருக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்!"

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்களுக்குப் புத்தி மட்டாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வருடா வருடம் கேட்டு மனப்பாடமான வாசகம் மூன்று பேர் வாயிலும் இருந்தது, மூன்று பேரும் அதை விழுங்கிவிட்டோம். ஈரத் தரையில் பாய்ச்சல் விட்டோம். அவள் ஆசையாக ஓடினாள். காதை முன்னே தள்ளி, மற்றக் குதிரைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் இடது முன்னங்காலின் பின்பக்கம் வாழைப்பழம் வைத்துக் கட்டினதுபோல் புடைத்திருந்தது. தொட்டால் அடுப்புச் சூடு. பனிக்கட்டி வைத்தோம், குழாய்த் தண்ணீர் விட்டோம், சாமி பேரையெல்லாம் சொன்னோம். போன நரம்பு போனதுதான்.

மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. குனிந்து அந்தக் காலை உள்ளங்கையில் பிடித்தீர்கள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தீர்கள். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்போம்.

அடுத்த நாள் முதலாளி தோன் அபெலார்தோ, கால்நடை மருத்துவர் எழுதித் தந்ததைப் படித்துவிட்டு லாயத்துக்கு வந்தார். "யார் இவள ஓட்டினது?"

தெல்மோ வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். போன வருடமே அவனுக்கு ஒரு கடைசி எச்சரிக்கை வந்திருந்தது, வீட்டில் மூன்று பிள்ளைகள். ஹசிந்தோ தரையைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"நான்தான் முதலாளி. ஊருக்குப் போறதுக்கு முந்தி ஓட்டிப் பாத்தேன். தப்பாப் போச்சு."

"நீங்களா? ஆறு வாரத்துலயா?"

"வயசாயிடுச்சு முதலாளி. கணக்கு தப்பிடுச்சு."

உங்களுக்குக் கணக்குத் தப்பியதாம்! அவர் மருத்துவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கொடுமை. "அப்போ டிசம்பர் வரைக்கும் எதுக்கு தோன் எவரிஸ்தோ? உடம்பையும் பாத்துக்கணுமில்ல. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம். பார்த்துக்கொண்டு சும்மா நின்றோம்.

முதலாளி போன பிறகு நாங்கள் அழுதபோது நீங்கள் மாத்தே பானத்துக்குத் தண்ணீர் சுட வைத்துக்கொண்டு சொன்னது இது: "விடுங்கப்பா. எனக்கு முடியப்போற வேலை. உங்களுக்கு இனிமேதான். யாரும் வாயத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அதனால்தான், பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஒரு குதிரைகூட மைதானத்தில் இறங்காத செப்டம்பரில், இந்தக் கொட்டகையில் நாற்காலி போட்டு உங்களை வழியனுப்புகிறோம். இப்போதே சுவாரெஸில் பேசுகிறார்கள், கிழவருக்குக் கை தவறிவிட்டது, கடைசியில் தாமே ஒரு நல்ல குதிரையைக் கெடுத்துவிட்டார் என்று. பெருமை சேர நாற்பத்தோரு வருடம் ஆனது. போவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

உங்கள் பேச்சை இரண்டாம் முறையாக மீறுகிறோம். முதல் முறை மீறியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள்தான் இப்போதும் மீறுகிறோம். நீங்கள் கையைக் காட்டி உட்காரச் சொல்வது தெரிகிறது, தோன். உட்கார மாட்டேன்.

இதைச் சொல்வதால் எதுவும் திரும்பி வராது என்பது எங்களுக்குத் தெரியும். கலாந்திரியா ஒரு வருடம் நிற்க வேண்டும். அப்புறமும் பாய்ச்சல் உண்டா என்று மருத்துவரே உறுதி தரவில்லை. டிசம்பரில் மைதானத்தைச் சுற்ற அவளும் இருக்க மாட்டாள், நீங்களும் இருக்க மாட்டீர்கள். நீடு வாழ்க, நோயின்றி வாழ்க என்று வாழ்த்தி முடிப்பதுதான் மரபு. எந்த வாயால் வாழ்த்துவது? நாங்கள் கெடுத்த பெயரை மற்றவர்களாவது உங்களுக்குத் திருப்பித் தரட்டும் என்று வேண்டிக்கொள்ள மட்டும் எங்களுக்கு உரிமை இருக்கிறது. அதையும் தலை குனிந்தே வேண்டுகிறோம்.

வழக்கப்படி இந்த மடலைச் சட்டம் போட்டு ஓய்வு பெறுபவர் கையில் கொடுக்க வேண்டும். இதை உங்கள் கையில் தரமாட்டோம். கொடுத்தால் அடுப்பில் போட்டுவிடுவீர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோன் அபெலார்தோவின் கையில் தருகிறோம்.

இப்படிக்கு,
செப்டம்பர் பதினோராம் நாள், ஈரத் தரையில், கலாந்திரியாவை ஓட்டியவர்கள்:
தெல்மோ ஷ்வாப்
ஹசிந்தோ பெரால்டா
நெலிதா ஓஹெடா