வீட்டில் கழுவிய படங்கள்

மழைக்காலத்தில் ஹட்டனில் ஒரு படத்தைக் காயவைப்பது பெரும்பாடு, ஐயா. காலையில் கொடியில் போட்டால் விளக்கு வைக்கும் நேரத்திலும் ஈரம் விடாது. அந்த நாற்காலியில் இருக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். கண்டியிலிருந்து கோச்சி ரயிலில் வந்த அலுப்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கும் அலுப்புத்தான். தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

நீங்கள் செல்லசாமிக்காக வழக்காடும் புரொக்டர். கொட்டகலையில் பரிமளத்தம்மாவைத் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கொன்றவன் அவன்தான். அதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். ஏன் வெட்டினாய் என்று கேட்டால், "படம்" என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் அவன் வாயிலிருந்து வரவில்லை என்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். நியாயம்தான்.

பரிமளத்தம்மா கொட்டகலையில் துணிக்கடை வைத்திருக்கும் லெட்சுமணனின் மனைவி. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போன லெட்சுமணன் ஒரு பெட்டிக் கேமரா வாங்கிவந்தார். அவருக்கு அது சீக்கிரமே சலித்துப்போயிற்று. அம்மா எடுத்துக்கொண்டார். முதலில் பிலிமை என்னிடம்தான் கழுவக் கொடுத்தார். பிறகு, "சுந்தரலிங்கண்ணே, எனக்கும் இதச் சொல்லிக்குடுங்களேன்" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். கடைக்குப் பின்னால் சரக்கு அறையின் சன்னலைச் சாக்கால் மறைத்துக்கொண்டு வீட்டிலேயே கழுவ ஆரம்பித்தார். காகிதம், மருந்து எல்லாம் என்னிடமிருந்துதான் போயிற்று. வேறு எங்கே கிடைக்கும்?

அது தேயிலை விலை விழுந்த காலம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். ஒரே லயத்து வரிசை வீட்டில் இருந்த அண்ணன் கப்பலேறி இந்தியக் கரைக்குப் போவான், தம்பி இங்கே நிற்பான். பிரிவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. என்னிடம் வந்தவர்களுக்கு நான் கோட்டுக் கொடுத்தேன். பூச்சாடி வைத்தேன். பின்னால் அரண்மனைத் தூண் வரைந்த திரையைத் தொங்கவிட்டேன். ஊருக்கு அனுப்புகிற படம் கௌரவமாக இருக்க வேண்டாமா? பரிமளத்தம்மா லயத்துக்கே போனார். கொழுந்துக் கூடையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, எப்படி நின்றார்களோ அப்படியே எடுத்தார். பெண்களுக்கு அவரிடம் கூச்சம் இல்லை. ஏதோ கேட்டுச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

வருமானம் போனதால் எனக்குக் கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒற்றை ஆள், எனக்கு என்ன செலவு? ஒருநாள் ஒரு கிழவி நான் எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மேசைமேல் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க தொரை. இதுல நான் செத்துப்போனவ மாதிரி இருக்கேன். கொட்டகல அம்மாகிட்டயே எடுத்துக்கிறேன்" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு பரிமளத்தம்மாவின் படங்கள் கறுக்கத் தொடங்கின.

இது உங்களுக்கு விளங்க வேண்டும். காகிதத்தில் உருவம் எழுந்ததும் அதை ஹைப்போ கரைத்த தண்ணீரில் போட வேண்டும். வெளிச்சம் படாமல் மிஞ்சியிருக்கும் மருந்தை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். அது சரியாக நடக்காவிட்டால், முதலில் படம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு பகல் வெளிச்சம் படப்பட, மிஞ்சிய மருந்து கறுத்துக்கொண்டே வரும். வெள்ளையாக இருந்த இடம் பழுப்பாகும். கடைசியில் முகம் அதற்குள் மூழ்கிவிடும்.

அம்மா என்னிடம்தான் ஓடிவந்தார். "அண்ணே, நீங்க சொன்னபடிதான செய்றேன். ஏன் இப்பிடிப் போவுது?" என்றார். உங்கள் வீட்டுத் தண்ணீர் சரியில்லை என்றேன். மேட்டு ஓடையிலிருந்து ஆள் வைத்துத் தண்ணீர் எடுப்பித்தார். அப்போதும் கறுத்தது. கழுவுவது போதவில்லை என்றேன். குளிர்ந்த நீரில் கைவிரல்கள் வெடிக்க வெடிக்கக் கழுவினார். அந்த விரல்களை நான் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

செல்லசாமியின் மனைவி பேச்சியம்மா. அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, வீரம்மா. நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை. தகப்பனின் தலைப்பாகையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி பரிமளத்தம்மா அதை எடுத்திருந்தார். நல்ல படம். நான் பொய் சொல்ல மாட்டேன், மிக நல்ல படம். மாசி மாதம் வயிற்றுப்போக்கில் பிள்ளை போய்விட்டது. மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான். அதுவும் கறுக்க ஆரம்பித்தது. அம்மா நெகட்டிவை வைத்து வேறொன்று போட்டுக் கொடுத்தார். அதுவும் கறுத்தது. நெகட்டிவும் அதே ஹைப்போவில் நனைந்ததுதானே, அதுவும் மங்கிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா மழையில் நனைந்துகொண்டு இங்கே வந்தாள். படத்தைச் சேலைக்குள் பொத்தி வைத்திருந்தாள். நீங்கள் இருக்கிற இடத்தில்தான் நின்றாள்.

"ஐயா, எம்புள்ள மொகம் மறஞ்சுகிட்டே வருதுங்க. கண்ணு மட்டுந்தான் மிச்சம் இருக்கு. அதயாவது நிறுத்திக் குடுங்க. என்னா வேணுன்னாலும் செய்றேங்க."

நிறுத்தியிருக்கலாம். உள்ளே தொட்டியில் நல்ல ஹைப்போ கரைத்து வைத்திருந்தேன். அதில் போட்டு எடுத்திருந்தால், போனது போக, இருந்த மட்டும் நின்றிருக்கும். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேர வேலை.

"வீட்டுல கழுவுன படம் அப்பிடித்தாம்மா போகும். அடுத்தவங்க போட்ட படத்துல நான் கை வைக்கிறதில்ல" என்றேன்.

அவள் அழவில்லை. படத்தை மறுபடி சேலைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "அப்ப அந்தக் கண்ணும் போயிருங்களா?" என்று கேட்டாள். போய்விடும் என்றேன். கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன்.

பிறகு அவள் காலையில் ஆள் எண்ணி வேலை கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை என்று கேள்வி. லயத்து வாசலில் கறுத்த காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபடியே இருப்பாளாம். பார்க்கப் பார்க்க இன்னும் கறுக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது? பங்குனி கழிவதற்குள் தோட்டத்துக்குக் கீழே ஆற்றில் கிடந்தாள்.

கேட்க வேண்டியதை நீங்கள் கேட்காமல் இருக்கிறீர்கள், ஐயா. நானே சொல்லிவிடுகிறேன். ஹைப்போ பார்வைக்குக் கல்லுப்புப் போலத்தான் இருக்கும். இரண்டையும் இடித்துக் கலந்தால் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. பரிமளத்தம்மாவுக்கென்று கட்டி வைக்கும் பொட்டலத்தில் பாதிக்கு மேல் உப்புத்தான் போட்டேன். அந்தக் கிழவி வந்துபோன வாரத்திலிருந்து அப்படித்தான். உப்பைத் தின்று யாரும் செத்ததில்லை. வீட்டுக் கழுவலுக்கும் ஸ்டுடியோக் கழுவலுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அது தப்பான எண்ணம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

பேச்சியம்மாவின் கருமாதி முடிந்து செல்லசாமி வந்தான். மொட்டைத் தலை. கவ்வாத்துக் காலம், இடுப்பில் கத்தி இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒங்களுக்குத்தான் இது தெரியும். ஒரு வார்த்த சொல்லுங்க. லயத்துல என்னென்னமோ பேசுறாங்க. அந்தம்மா படப் பொட்டிக்குள்ள மொகத்தப் புடிச்சா புள்ள தங்காதுங்கிறாங்க. நான் நம்பலைங்க. நல்ல அம்மாங்க அவங்க. வேற காரணம் இருக்குமுங்களே?"

அவன் நம்பாமல்தான் வந்தான். இதை நீங்கள் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு காரணத்தைக் கேட்டுத்தான் வந்தான். காரணம் அவனுக்குப் பின்னால் அலமாரியில், பொட்டலமாகக் கட்டி இருந்தது.

"அந்தம்மா எடுத்தது எல்லாருக்கும் கறுக்குது. எங்கிட்ட எடுத்த படம் ஒண்ணாவது கறுத்துச்சா?" என்றேன்.

"இல்லைங்க."

"அப்பொறம் நான் என்னாத்தச் சொல்ல? தெரிஞ்சு செஞ்சாங்களோ, தெரியாம செஞ்சாங்களோ. ஒம் புள்ளையும் படம் எடுத்த பொறகுதான போச்சு."

அவன் என் அரண்மனைத் திரையை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். கொட்டகலைப் பாதையில்தான் போனான். வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். மழை பிடித்துக்கொண்டது, கதவைச் சாத்தினேன்.

இதையெல்லாம் கோர்ட்டில் வந்து சொல்வேனா என்று கேட்டால், மாட்டேன். நீங்கள் தேடி வந்தீர்கள், சொன்னேன். யாரிடமாவது சொன்னால் இந்த அலுப்பு குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை. உப்பு விற்றதற்குச் சட்டத்தில் தூக்கு இருக்கிறதா? கத்தி எடுத்தவன் நான் இல்லை. அந்த அம்மாள்மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. என்னை அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்ட பெண்.

பகை இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பிய அன்று நான் போயிருப்பேனா? கேஸுக்குப் படம் வேண்டும் என்றார்கள். அம்மா சரக்கு அறை வாசலில் கிடந்தார். அவர்களுக்கு வேண்டிய மாதிரி எடுத்து முடித்தபின், இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டு, முகத்தைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி தனியாக ஒன்று எடுத்தேன். புது ஹைப்போ கரைத்து, அரைநாள் ஓடுகிற தண்ணீரில் வைத்துக் கழுவினேன். லெட்சுமணனிடம் காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊரில் எல்லோரையும் எடுத்த பரிமளத்தம்மாவை ஒருவரும் ஒரு படம் எடுத்து வைக்கவில்லை, ஐயா. அந்தக் குறை இல்லாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.