காலையில் அளந்த கிணறு

கிட்ட வாருங்கள், சத்தமாகச் சொல்ல முடியாது. இது என் கூட்டாளி சரீபுடைய மச்சான் றிஸ்கானுக்கு நடந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தின நோன்பு. நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்கு இன்னும் இருபது நிமிடம். வரிப்பத்தான்சேனை வயலுக்குள் ஒற்றை மண்பாதை... அதன் முடிவில் ஓர் ஆழக் கிணறு.

துப்புரவாக்க ஆள் இறங்குமுன் உள்ளே காற்றை அளப்பதுதான் றிஸ்கானின் வேலை. கையில் ஒரு லேசர் கருவி. ஒளியை அடித்தால் கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும். மூச்சை அடைக்கும் காபனீரொட்சைட்டு வாயு கூடினால் அது ஒளியைத் தின்றுவிடும். எவ்வளவு தின்றது என்பதைத் திரையில் இலக்கம் காட்டும்.

காலையில் அளந்தான். நல்ல காற்று. பிறகு தண்ணீர் இறைக்கும் பெற்றோல் பம்பை உள்ளே இறக்கிப் பகல் முழுக்க ஓட்டினார்கள். புகை கிணற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. திரும்ப அளந்திருக்க வேண்டும்... ஆனால் கருவியைப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. நோன்பு திறக்க வீட்டுக்குப் போகும் அவசரம்.

"இறங்கட்டா தம்பி?" என்று கேட்டார் கூலிக்கு வந்த வேலப்போடி.

"ஓம் அண்ணே, இறங்குங்க. காத்து நல்லம்."

வேலப்போடியைக் கயிறு கட்டித்தான் மேலே எடுத்தார்கள். மூச்சில்லை. இரண்டாம் தரமும் அளந்ததாக றிஸ்கான் சத்தியம் பண்ணினான். நோன்பு வாயால். அந்தப் பாவம் அவனைப் படுக்க விடவில்லை.

அடுத்த வருட நோன்பில், அதே நேரம், தனியே போனான். கிணற்றைப் பலகையால் மூடியிருந்தார்கள். இடுக்கால் ஒளியை அடித்தான். பெற்றோல் புகை மணத்தது... ஒரு வருடமாகப் பம்பே இறங்காத கிணறு. இலக்கம் ஏறியது. இறங்கியது. ஏறியது... இறங்கியது. நித்திரை கொள்கிறவனின் மூச்சுப்போல.

"அண்ணே... நான் அளக்கல்ல. பொய் சொன்னன். மன்னிச்சிருங்க."

இலக்கம் அப்படியே நின்றது.

பிறகு, கீழே இருந்து, அதே பணிவான குரல்.

"ஏறட்டா தம்பி?"

றிஸ்கான் ஓடிவந்துவிட்டான். அன்றிலிருந்து, சம்மதம் சொல்லும் அந்த ஓம் என்ற சொல் அவன் வாயில் வராது. மனைவி றுமானா "சோறு போடவா?" என்றாலும் தலையைத்தான் ஆட்டுவான்.

போன கிழமை, மஃரிபு நேரம். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருந்தான். நாலு வயது மகள் ஸம்றா வாசலில் இருந்து ஓடிவந்தாள்.

"வாப்பா, வெளிய ஒரு மாமா நிக்கார். உடுப்பெல்லாம் ஈரம். உள்ள வரட்டாண்டு கேட்டார்... நான் ஓமெண்டுட்டன்."