சூரா அக்கா அளந்த பனி, நான் எழுதிய ஆறு

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் சமூதின் அவர்களே, மனைவி சூரா அக்காவை இழந்த இந்த நாற்பதாம் நாளிலும் வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்த எர்கேஷ் அண்ணன் அவர்களே, அக்பாஷ் சிகரத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் குதிரையேறி வந்திருக்கும் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் அமைதி உண்டாகட்டும்.

மன்றம் நிரம்பி வாசலிலும் நிற்கிறீர்கள். நான் செத்தால் இதில் பாதிப் பேராவது வருவீர்களா? வரமாட்டீர்கள்! உள்ளே நுழைந்ததும் எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு அதுதான். துக்கத்துக்கு வந்த இடத்தில் இப்படி நினைக்கிறவன் யார்? பொறாமைக்காரன். முப்பத்தோரு வருடம் பொறாமைப்பட்டவன். அதை மறைத்துவிட்டுப் பனி அளவையாளர் சூரா அசானலியேவா அவர்களைப் புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சி பொய்யாகிவிடும்.

நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மலைமேல் பனியை அளக்கும் வேலையை நான் கேட்டேன், அக்காவுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பாலத்தடியில் கஷ்கா ஆற்றை அளக்கும் வேலை. நான் சொன்னது வந்துவிட்ட தண்ணீரை. அவர் சொன்னது வரப்போகிற தண்ணீரை! வந்துவிட்ட தண்ணீரைப் பற்றி யார் கேட்பார்கள்? ஏப்ரல் பிறந்தால் நீங்கள் விதைமூட்டையை அவிழ்க்காமல் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாண விருந்தில் அவருக்கு மரியாதைக்குரிய வாலடிக் கறி. எனக்கு விலா எலும்பு. கரையோர வீட்டுத் தொய்ச்சு ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டாரே, ஞாபகமிருக்கிறதா? "ஏன்யா ஓரோசாலி, ஆறு ஓடுதான்னு பாக்க உனக்குச் சம்பளமா? எங்க வீட்டு மாடு சும்மாவே பாக்குது!" எல்லோரும் சிரித்தீர்கள். சூரா அக்காவும் சிரித்தார். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த வசந்தத்துக்கு வருகிறேன். ஊருக்குள் பனியே விழாத வருடம். ஆனால் அக்கா சொன்னார்: "மேல ரெண்டாள் உயரத்துக்குக் கெடக்கு. மே கடைசில கஷ்கா கரை தாண்டும். கரையோரத்துப் பதினேழு வீடும் மேட்டுக்குப் போயிரணும்." யாருக்கு நம்பிக்கை வரும்? மே மாதம் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம்! "ஆறு ஏறுதா, ஓரோசாலி?"

ஏறிக்கொண்டிருந்தது. தினம் இரண்டு விரல். பாறைகளுக்கு நடுவே அது கண்ணுக்குத் தெரியாது, அளவுக் கம்பத்தில்தான் தெரியும். "ஏறவில்லை" என்று நான் சொன்னேன். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினேன். ஒரு நாளா? இரண்டு நாளா? ஒன்பது நாள்!

முணுமுணுக்கிறீர்கள். முணுமுணுக்கத்தான் வேண்டும். எர்கேஷ் அண்ணே, இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவில் அக்காவை நிறுத்திக் கேலி செய்தார்கள். "எங்கேக்கா உங்க வெள்ளம்? வர்ற வழியில டீ குடிக்க உக்காந்துருச்சா?" அவருக்குத் தன் கணக்கிலேயே சந்தேகம் வந்துவிட்டது. வானம் கறுத்திருந்த நாளில், தனியாக, மறுபடி மேலே போனார். புயலில் சறுக்கி விழுந்து முழங்கால் உடைந்தது. குதிரை உதைத்துவிட்டது என்று உங்களிடம் சொன்னாரே, சாகும்வரை விந்தி நடந்தாரே! எந்தக் குதிரையும் உதைக்கவில்லை. அது என்னால் வந்தது.

கீழே இறங்கியவர் மருத்துவரிடம் போகவில்லை. நேரே பாலத்துக்கு வந்தார். சேணத்தில் இருந்தபடியே கம்பத்தைப் பார்த்தார். குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, கம்பம் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு எழுதியிருக்க."

குறிப்பேட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

"எம்மேல அவ்வளவு வயித்தெரிச்சலா?"

"ஆமாக்கா."

குறிப்பேட்டை மூடி என் கையில் கொடுத்தார். "சரி, அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப நீ ஓடு. நான் சொன்னா சிரிப்பாங்க. நீ சொன்னா வீட்டக் காலி பண்ணுவாங்க."

ஓடினேன். பதினேழு வீடும் மேடேறியது. நான்காம் நாள் கஷ்கா வந்து பாலத்தையும் என் கம்பத்தையும் தொய்ச்சுவின் வைக்கோல் போரையும் கொண்டுபோனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை!

அதன்பிறகு இதே மேடையில், கட்டுப்போட்ட காலோடு நின்று அக்கா சொன்னார்: "தம்பி ஓரோசாலி சொன்னதாலதான் எல்லாரும் பொழச்சோம்." நீங்கள் கை தட்டினீர்கள். நான் நன்றியோடு இருந்தேனா? இல்லை! 'பெரிய மனசும் இவளுக்குத்தானா' என்று பொருமினேன். அந்த "அப்புறம்" வரவே இல்லை. பன்னிரண்டு வருடம் யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. எர்கேஷ் அண்ணே, உங்களிடமும் சொல்லவில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

போன வாரம் அக்பாஷுக்குப் போனேன். பனியை அளந்தாக வேண்டும், அளக்க அவர் இல்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது. நான் ஆசைப்பட்ட வேலை இதுதானே! மூன்றாவது அளவிடத்தில் பனியின் ஆழம் பார்க்கும் குழாயை இறக்கிவிட்டு, அதற்குமேல் முடியாமல் அங்கேயே குப்புறப் படுத்துக்கொண்டேன். இதை முதலிலேயே எனக்குக் கொடுத்திருந்தால் ஒரே குளிர்காலத்தில் இறங்கி ஓடிவந்திருப்பேன். அவர் முப்பத்தோரு குளிர்காலம் ஏறினார். அதில் பன்னிரண்டு, உடைந்த காலோடு!

அளவைச் சொல்கிறேன். இந்த வருடம் பனி வழக்கத்தில் பாதிதான். ஜூலையில் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டாது. பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், "சூரா இருந்தா இதையேதான் சொல்லுவாளா?" என்று. கேளுங்கள். எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஆனாலும் கேளுங்கள்.

அவர் பெயரால் நான் எடுக்கும் உறுதி இது: அந்த ஒன்பது எண்களையும் இன்றைக்கே அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தைப் போடுவேன். கால் இருக்கும்வரை பனிக்கு ஏறுவேன். ஆனால் என்னை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் கூட வந்து, என் எண்ணைத் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மறுபடி நாளைக் காலை கிளம்புகிறேன். யார் வருகிறீர்கள்?

யாருமில்லையா?

எர்கேஷ் அண்ணே... நீங்களா கையைத் தூக்குகிறீர்கள்?