கொழுந்தியாளின் முதல் கட்டுரை

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? உங்கள் தாள்கள் பறக்கின்றன. விசாரணைக் குழுவென்றாலும் நிம்மதியாகப் பேசலாமே.

என் வேலை சலிப்பூட்டும் வேலை. ஆய்விதழ்களில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள், அது வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்று எண்ணுவது. இத்தனை காலம் எண்ணியதில் ஒன்று தெரிந்தது. எல்லாக் கட்டுரையும் மறக்கப்படும். நல்லது தாமதமாக, தப்பானது சீக்கிரமாக.

என் மனைவியின் தங்கையை இந்தத் துறைக்குக் கொண்டுவந்ததே நான்தான். கெட்டிக்காரி. அவளுடைய முதல் கட்டுரை என் கணக்கு முறையையே கேள்வி கேட்டது. சாப்பாட்டு மேசையில் என் மனைவி, "பாத்துக்கிட்டே இருங்க, இவ உங்களத் தூக்கிச் சாப்பிட்டுடுவா" என்றாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அந்தக் கட்டுரையில் ஒரு பிழை. ஓர் இதழ் தன்னையே மேற்கோள் காட்டிக்கொள்வதை அவள் இரண்டு முறை கூட்டியிருந்தாள். அச்சான பிறகு அதைச் சுட்டிக்காட்டினேன். அது கடமை. அப்புறம் நான் எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும், இப்படி எண்ணக் கூடாது என்பதற்கு உதாரணமாக அவளைச் சேர்த்தேன். என் மாணவர்களும் சேர்த்தார்கள். சொன்னதைக் கேட்கிற பிள்ளைகள். எங்கே யார் அவள் பெயரைத் தேடினாலும் முதலில் வந்தது அந்தப் பிழைதான். எந்தக் கல்லூரியும் அவளுக்கு வேலை தரவில்லை.

ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், திருத்தம் போட்டாச்சு, மன்னிப்பும் கேட்டாச்சு. இன்னும் எத்தன தடவ குத்திக்காட்டுவீங்க? எல்லாரும் மறந்துடட்டுமே, விட்டுடுங்களேன்."

"சொந்தக்காரின்னு விட்டா நாலு பேர் என்னம்மா சொல்லுவாங்க?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளை ஏன் இத்தனை முறை மேற்கோள் காட்டினேன் என்றுதானே கேட்டீர்கள்? நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கு முன் கட்டுரையைப் படித்துக் குறை சொல்ல இதழ்கள் ஒருவரை அமர்த்தும். அவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. அவளுடையதைப் படித்தவன் நான்தான். பிழை முதல் வாசிப்பிலேயே கண்ணில் பட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் அரை நாளில் சரிசெய்திருப்பாள். "அருமையான கட்டுரை, அப்படியே வெளியிடலாம்" என்று எழுதி அனுப்பினேன். அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினாள். "யாரோ புண்ணியவான், அத்தான்" என்றாள்.

இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. எழுதுவதையும் விட்டுவிட்டாள். நான் விடவில்லை, அடுத்த மாதம் வரும் என் கட்டுரையிலும் அவள் இருக்கிறாள். இந்தத் துறையில் அவளுக்கென்று இருக்கிறவன் நான் ஒருவன்தானே.